தகப்பனார் தொழில்: மேற்படி

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. அது கோணல்மாணலாக இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. நான் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த தலைமையாசிரியர், "டீச்சர், இனிமே சேர்க்கைப் பதிவேடு உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். மற்ற ஆசிரியர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். ஒரு வேலை தலையைவிட்டு இறங்கியதே என்ற சந்தோஷம் அவர்களுக்கு. என்னை மெச்சுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மடச்சி.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்றைக்குப் பிள்ளைகளைச் சேர்ப்போம். பிறந்த தேதிக்கு அத்தாட்சியெல்லாம் யாரிடமும் கிடையாது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம். தலைமையாசிரியர் ஒரு தேதியைச் சொல்லுவார், நான் எழுதுவேன். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

தேதிக்குப் பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டம் தகப்பனார் தொழில். மேலத்தெருக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் தலையைத் தூக்கி, "என்ன போடட்டும் சார்?" என்று கேட்பேன். ஒருவர் நிலச்சுவான்தார் என்பார், ஒருவர் மளிகை வியாபாரம் என்பார், சொல்லுகிறபடி எழுதுவேன். நான் சேர்ந்த வருஷம் கீழத்தெருவிலிருந்து பதினொரு பிள்ளைகள் ஒன்றாக வந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசலில் பூவரச மரத்தடியில் நின்றார்கள். வராண்டாவில் ஏறாதே என்று யாரும் சொல்லவில்லை. ஏறி வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை. நான் முதல் பிள்ளைக்கு 'விவசாயக் கூலி' என்று எழுதினேன். அடுத்த வரியில் 'மேற்படி' என்று எழுதினேன். அதற்கும் அடுத்த வரியில் மேற்படி. இப்படிப் பத்து மேற்படி, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே அளவில், முத்து முத்தாக. மரத்தடிப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பதினொரு பிள்ளைகளில் ஒருத்தி எட்டாம் வகுப்புவரை தாக்குப்பிடித்தாள். மற்றவர்களில் பெரும்பாலோர் நாலாவது, ஐந்தாவதோடு நடவுக்கும் மாடு மேய்க்கவும் போய்விட்டார்கள். இவள் கெட்டிக்காரி. கரும்பலகையில் நான் ஒரு எழுத்தை விட்டுவிட்டால், "டீச்சர், ஒண்ணு விட்டுப்போச்சு" என்று மெதுவாகச் சொல்லுவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனாலும் அவளிடம் வராது. ஆறாம் வகுப்பிலிருந்து உதவித்தொகை விண்ணப்பத்தை அவளே எழுதுவாள். பதிவேட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்து, "இதுல எப்படி இருக்கோ அப்படியே எழுதணும். மேற்படின்னு இருந்தா மேல இருக்கறதைப் பாத்து எழுது. ஒரு எழுத்து மாறினாலும் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவான்" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் அப்படியே எழுதுவாள். அவள் கையெழுத்தும் அழகு, என்னுடையதைப் பார்த்துப் பழகியது.

அவள் எட்டாம் வகுப்புக்கு வந்த வருஷம் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்கள் பெயரை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் பதிந்துவிட்டால் நினைத்தபோது நிலத்தைவிட்டு இறக்க முடியாது. பதியாவிட்டால், 'இவன் என் பண்ணையில் கூலிக்கு வந்தவன், சாகுபடி என்னுடையது' என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரிடமும் ரசீது கிடையாது. களத்தில் நெல்லை அளந்து போட்டுவிட்டு வருவார்கள், அதோடு சரி. பக்கத்துத் தாலுக்காக்களில் கூலிச் சண்டையில் என்னென்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். எங்கள் ஊரில் சைக்கிளில் விவசாயச் சங்கத்துக்காரர்கள் வந்தால் மேலத்தெருவில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்.

அந்தப் பெண்ணின் அப்பா ஆறு மா நிலத்துக்குத் தன் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்தார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். நிலம் ஊரின் பெரிய மிராசுதாருடையது. அவருடைய பதில் மனு சுருக்கமாக இருந்தது: இவர் என் பண்ணையாள், குத்தகைக்காரர் அல்ல. மார்கழியில் பால் பிடித்து நின்ற சம்பாப் பயிர் தையில் அறுவடைக்கு வந்துவிடும். அதற்குள் தாசில்தார் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். தாமதமானால் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துவிடுவேன் என்று மிராசுதார் சொல்லியிருந்தார். வரப்பில் கால் வைத்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று கீழத்தெருவில் சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் அரிவாளைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், அறுவடைக்குத்தான் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள்.

இதிலெல்லாம் எனக்கு என்ன என்றுதான் நான் இருந்தேன். மார்கழியில் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் குடிமக்களின் கடமைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர்ல இருக்கறதெல்லாம் விசாரிச்சு எழுதறதுதானா?"

"பின்ன? சர்க்கார் பதிவேடு. மனசுக்குத் தோணினதையெல்லாம் அதுல எழுத முடியுமா? பாடத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், உக்காரு."

"சரிங்க டீச்சர்" என்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைவிட்டு நிமிரவில்லை. நான் பாடத்தை முடித்துவிட்டு வெளியே வந்தேன். அறையில் தலைமையாசிரியர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: மிராசுதார் வந்து சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் வரிக்கு நகல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாராம். தகப்பன் கூலிக்காரன் என்று பள்ளிக்கூடமே எழுதியிருக்கிறதாம். யார் சாகுபடி என்று கர்ணம் எழுதுகிற அடங்கல் கணக்கைத் தாசில்தார் நம்பவில்லையாம், கர்ணம் மிராசுதாருக்கு மைத்துனர் என்பதால். வேண்டாதவர் வேண்டியவர் இல்லாத ஓர் இடத்துக் காகிதம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றாராம். பள்ளிக்கூடத்தைவிட அப்படி ஓர் இடம் ஏது?

அது நான் எழுதிய வரி. ஆனாலும் உடனே எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாட ஆரம்பித்தான். அந்தத் தெருவில் கூலிக்காரர்கள்தானே இருக்கிறார்கள், எழுதியதில் என்ன தப்பு, நான் என்ன கனவா கண்டேன், ஏழு வருஷம் கழித்துச் சட்டம் வரும் என்று? அன்று முழுக்க அவன் வாதாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண்ணின் அப்பா பூவரச மரத்தடியில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நான் வராண்டா விளிம்பில் நின்றேன்.

"டீச்சர், அது நீங்க எழுதினதுன்னு சொன்னாங்க. நான் கூலி இல்லீங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அந்த ஆறு மாவையும் குத்தகைக்கு வச்சிருக்கோம். மாடு என்னுது, ஏர் என்னுது, வெத என்னுது."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்ல?" என்றேன். குரல் ஏறிவிட்டது. "ஏழு வருஷம் கழிச்சு வந்து நின்னா நான் என்ன பண்றது?"

"அன்னைக்கு யாரும் கேக்கலீங்க."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. "போப்பா, போ. எனக்கு வகுப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என் அப்பா வயதுக்கு அவருக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும். அவரை நான் ஒருமையில் பேசினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, நகல் எடுக்கத் திறந்ததால் அதுவே விரிந்தது. என் பத்து மேற்படியும் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தேன். ஏழாவது வரியில் கை நின்றுவிட்டது. அந்தப் பையனின் அப்பா அவனைச் சேர்ப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே செத்துப்போனவர். மிராசுதாருடைய களத்தில் வைக்கோல் போர் பிரிக்கும்போது பாம்பு கடித்து. நான் அந்த ஊருக்கு வந்த புதிதில் எல்லோரும் என்னிடம் சொன்ன கதை அது, வரப்பில் பார்த்து நடங்க டீச்சர் என்பதற்காக. செத்துப்போன மனுஷனுக்கும் நான் மேற்படி போட்டிருந்தேன்.

எனக்குள் இருந்த வக்கீல் அத்தோடு வாயை மூடிக்கொண்டான். நான் யாரையும் கேட்கவில்லை என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி. அதைத் தாசில்தாரிடம் காட்டினால் அந்தக் காகிதம் செல்லாது. காட்டினால் என் வேலைக்கும் உலை.

தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் கண் நேரே பக்கத்தின் அடிக்குப் போனது. ஒவ்வொரு பக்கத்திலும் கீழே அவர் கையெழுத்து இருக்கிறதே.

"டீச்சர், எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு. மூணாவது பொண்ணுக்கு இன்னும் முடியலை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், விசாரணை அன்னைக்கு நீங்க லீவு போட்டுடுங்க. பழைய பதிவு, எழுதினது யாருன்னு தெரியலைன்னு நான் சொல்லிக்கிறேன்."

கும்பிட்டுக் கேட்கிறேன் என்று சும்மா சொல்லவில்லை, கையைக் கூப்பியே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. சரி சார் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மிராசுதாரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து பேசினார். அவரையும் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. பள்ளிக்கூடம் நிற்கிற மனை அவர் அப்பா கொடுத்தது. வருஷா வருஷம் சிலேட்டு வாங்கிக் கொடுப்பார், கீழத்தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

"டீச்சர், அந்த ஆளு உங்ககிட்ட வந்தான்னு கேள்விப்பட்டேன். பாவப்பட்டு ஏதாவது சொல்லிடாதீங்க. எனக்கு ஆறு மா போனா சோத்துக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது. ஆனா நீங்க எழுதினதை நீங்களே பொய்னு சொன்னா, நாளைக்கு உங்க வகுப்புல எந்தப் பிள்ளை உங்களை நம்பும்? யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கஷ்டம். அந்த வாரமே என் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். செய்தி எப்படி அவ்வளவு தூரம் போனதோ. 'நமது நிலத்திலும் இரண்டு பேர் குத்தகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் மனுப் போடவில்லை. நீ ஏதாவது பேசிவைத்து வழி காட்டிவிடாதே' என்று எழுதியிருந்தார். கீழே ஆசீர்வாதம். அதைப் படித்தவுடன் எனக்கு யார்மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது. கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, பிறகு எடுத்து நீவி வைத்தேன்.

அந்த நாட்களில் அந்தப் பெண் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒழுங்காக வந்தாள், ஒழுங்காகப் படித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த முடியவில்லை. ஜன்னலைப் பார்த்து நடத்தினேன்.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் விசாரணை. சாவடிக் கூரை சரிந்து கிடந்ததால் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை. வெளியூரிலிருந்து அறுப்பு ஆட்களை இரண்டு லாரியில் கொண்டுவந்து மிராசுதாரின் களத்தில் இறக்கியாகிவிட்டது. கீழத்தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. நடுவில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர், இரண்டு பக்கமும் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு. கதிர் முற்றிச் சாய்ந்த அந்த ஆறு மா, எட்டாம் வகுப்பு ஜன்னலில் நின்றாலே தெரியும். நான் லீவுக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். கொடுத்துவிட்டுத் துணி துவைத்தேன், வீட்டைப் பெருக்கினேன், பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன். பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பு அறையில் என் மேஜைக்குப் பின்னால் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுதுகிற குமாஸ்தா. ஒரு பக்கம் நாற்காலியில் மிராசுதார். இன்னொரு பக்கம் அந்தப் பெண்ணின் அப்பா, நின்றுகொண்டு. அவர் பக்கத்தில் அந்தப் பெண், சீருடையில். பள்ளிக்கூடத்துக்கு வருகிறோம் என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இந்தப் பதிவு யாரு எழுதினது?" என்று தாசில்தார் கேட்டார்.

"பழைய பதிவுங்க சார். எழுதினது யாருன்னு இப்ப..." என்று தலைமையாசிரியர் இழுத்தார்.

"நான்தான் சார் எழுதினேன்" என்று வாசலில் நின்றபடி சொன்னேன். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"விசாரிச்சு எழுதினீங்களாம்மா?"

"இல்ல சார்."

"விசாரிக்காம இவர் கூலின்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். அந்தத் தெருன்னா கூலியாத்தான் இருக்கும்னு நானா எழுதிட்டேன்."

மிராசுதார் லேசாகச் சிரித்தார். "சங்கத்து ஆளுங்க டீச்சரை நல்லா மெரட்டியிருக்காங்க சார்."

எனக்கு வந்ததே கோபம். விறுவிறுவென்று உள்ளே போய்ப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, ஏழாவது வரியில் விரலை வைத்தேன். "இந்தப் பையனோட அப்பா எப்பச் செத்தாருன்னு நீங்களே சாருக்குச் சொல்லுங்க. உங்க களத்துலதானே செத்தாரு?" அவர் வரியைப் பார்த்தார். நான் தாசில்தார் பக்கம் திரும்பினேன். "பையன் பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சார். அவருக்கும் கூலி வேலைன்னு எழுதி வச்சிருக்கேன் பாருங்க. ஒருத்தரையும் கேக்கல. ஒருத்தர் மூஞ்சியையும் பாக்கல."

தாசில்தார் வரிசையாக அந்த மேற்படிகளைப் படித்தார். குமாஸ்தாவைப் பார்த்து, டீச்சர் சொன்னதை எழுதிக்கொள் என்றார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே மரத்தடியில் ஏதோ முணுமுணுப்பு. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மிராசுதார் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். அந்த வருஷத்து உதவித்தொகை விண்ணப்பத்தின் நகல். "பதிவேடு போகட்டும் சார். இது இவன் பொண்ணே தன் கையால எழுதினது. தகப்பனார் தொழில் விவசாயக் கூலி. பெத்த பொண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அதை நான் மறந்தே போயிருந்தேன். தாசில்தார் அந்தப் பெண்ணை முன்னால் வரச் சொன்னார். அவள் வந்தாள்.

"இது உன் கையெழுத்தாம்மா?"

எழுத்து என்னுடையதைப்போலவே இருக்கும். டீச்சர் எழுதினது என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம், நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஏழு வருஷமாக உண்மை பேசு, உண்மை பேசு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இவள் இப்போது பொய் சொல்லிவிட வேண்டுமே என்று அங்கே நின்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"என் கையெழுத்துதாங்க சார்" என்றாள்.

"யாரு சொல்லி எழுதினே?"

"ரிஜிஸ்டரைப் பாத்து எழுதினேங்க. அதுல இருக்கற மாதிரியே எழுதணும்னு டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"சரி. உங்கப்பா என்ன செய்யறார்னு உனக்குத் தெரியும்ல? தினம் பாக்கறேல்ல? ஏன் மாத்தி எழுதினே?"

அவள் குனிந்துகொண்டாள். அவள் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா சொல்லும்ங்க, நாம குத்தகைக்காரங்க, கூலி இல்லேன்னு. ஆனா களத்துல கூலிக்காரங்க மாதிரிதான் அதுவும் கையைக் கட்டிட்டு நிக்கும். ஆறாவதுல ரிஜிஸ்டரைப் பாத்தேன். கூலின்னு இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல தப்பா எழுத மாட்டாங்கன்னு நெனச்சேன்." நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "அப்பாதான் பெருமைக்குப் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். போன மாசம்கூட டீச்சரைக் கேட்டேங்க. விசாரிச்சுத்தான் எழுதுவோம்னு சொன்னாங்க."

அவள் அப்பா கக்கத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை நான் பட்டதெல்லாம் கோபம்.

தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஊத்துலேர்ந்து வந்தது" என்று மிராசுதாரிடம் சொன்னார். "இதை வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க." அந்த ஆறு மாவைச் சுற்றி நிலம் வைத்திருந்த நாலு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். யார் ஏர், யார் மாடு, யார் விதை என்று தனித்தனியாகக் கேட்டு எழுதினார். முடிவு வரும்வரை அறுவடையை மனுதாரரே செய்யலாம் என்று அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு லாரியும் சாயங்காலத்துக்குள் திரும்பிப் போயின. அரிவாள்கள் கதிரை மட்டும் அறுத்தன.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. ஆறு மாவுக்கும் அவர் பெயர் பதிவாகிவிட்டது. எனக்கும் மெமோ வந்தது, ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். தலைமையாசிரியருக்கு எச்சரிக்கையோடு போயிற்று. ஆனாலும் அவர் ஓய்வு பெறுகிறவரை என்னிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் அப்பா அடுத்த பொங்கலுக்கு என்னை வா என்று எழுதவில்லை. இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது, அழுதேன்.

உத்தரவு கைக்கு வந்த அன்று அந்தப் பெண்ணின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மரத்தடியில் நின்றார். நான் இறங்கிப் போய், "உள்ள வாங்க, உக்காருங்க" என்று கூப்பிட்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். பெஞ்சு ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். காகிதத்தைக் காட்டினார். நான் வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை. அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க?" என்றேன்.

"புள்ள எங்கிட்ட பேச மாட்டேங்குதுங்க டீச்சர். சோறு போட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டே திங்குது. அன்னைக்குச் சொன்னதை நெனச்சு வெக்கப்படுது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லடாம்மா, நீ படிச்ச புள்ள, படிச்சதைத்தானே சொன்னேன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். கேக்கல."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீங்க கொஞ்சம் கூப்பிட்டுச் சொல்லுங்களேன், அப்பனுக்குக் கோவம் இல்லேன்னு. நான் சொன்னா நம்பாதுங்க. நீங்க சொன்னா நம்பும்."

சொல்லுகிறேன் என்றேன். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போனேன்.